பதினான்காம் மேஜையில் நாற்பது நிமிடம்

“சார், உங்க சம்சாரம் இந்த மேஜையில உக்காந்து நாப்பது நிமிஷம் மூச்சு விடாம பேசுச்சு. அந்த நாப்பது நிமிஷமும் நான் வாயைத் திறக்கலை.”

லோ தின்-சுங் இப்படிச் சொன்னதும் பக்கத்து மேஜைக்காரர் கோழிக்காலை எலும்போடு விழுங்கிவிட்டார். ஆவியில் வெந்த பலகாரக் கூடை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த கியூ அக்கா சட்டென்று நின்றதில் பின்னால் வந்த இரண்டு வண்டிகள் முட்டிக்கொண்டு, இறால் கொழுக்கட்டைகள் தரையில் உருண்டன. தோ குவா வான் பேட்டையில் இருக்கும் அந்தத் தேநீர்க்கூடத்தில் அன்று காலை முந்நூறு பேர் இருந்தார்கள். துறைமுகத்துத் தண்ணீர் வற்றிவிட்டது என்று லோ சொல்லியிருந்தால்கூட அதில் பாதிப் பேர் ஜன்னல் பக்கம் போய் எட்டிப் பார்த்திருப்பார்கள். இதை நம்ப ஒரு ஆள் இல்லை.

“யோவ் பெரிசு,” என்றாள் கியூ அக்கா, “பொய் சொன்னாலும் ஒண்ணொண்ணாச் சொல்லுய்யா. ஒரே மூச்சில ரெண்டு சொன்னா யாருக்குச் செரிக்கும்?”

அவள் சொன்ன கணக்கு சரி. லோ வாயைத் திறக்கவில்லை என்பது முதல் பொய். முப்பத்தொரு வருஷம் மினிபஸ் ஓட்டிய மனிதர். நம் ஊர் மினிபஸ்ஸில் இறங்க வேண்டுமானால் ஓட்டுநருக்குக் கேட்கும்படி கத்த வேண்டும். லோவின் வண்டியில் கத்துவதற்கு இடைவெளியே கிடைக்காது. கல்யாணத்துக்குப் புறப்பட்டு அவர் வண்டியில் ஏறிய ஒரு பெண், பேச்சு ஓய்ந்து இறங்கும்போது வெள்ளிவிழாவுக்குத்தான் நேரம் சரியாக இருந்தது என்பார்கள். தூங்கும்போதுகூடப் பக்கத்து வீட்டுக்காரரோடு சுவர் வழியாகத் தர்க்கம் செய்து ஜெயித்திருக்கிறார்.

இரண்டாவது பொய், பேராசிரியரின் மனைவி யூன் பிக்-ஹா நாற்பது நிமிடம் பேசினாள் என்பது. அந்த அம்மாள் கல்யாணமான பிறகு வீட்டில் பேசியதை எல்லாம் சேர்த்தால் ஒரு தபால் தலையின் முதுகில் எழுதிவிடலாம். அதிலும் பசை தடவ இடம் மிஞ்சும்.

எதிரே உட்கார்ந்திருந்த பேராசிரியர் மாக் சியூ-லாம் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. அவர் சட்டைக் கையில் துக்கத்துக்காகக் குத்தியிருந்த சின்னக் கறுப்புத் துணியைப் பார்த்துவிட்டுத்தான் லோ, “யாரு சார்?” என்று கேட்டிருந்தார். “மனைவி. தொண்ணூத்தோரு நாள் ஆச்சு,” என்று சொன்னார் பேராசிரியர். அதற்குப் பதிலாகத்தான் இந்தச் சவடால். பேராசிரியர் கிண்ணத்தை எடுத்து, சாமந்திப்பூப் போட்ட கறுப்புத் தேநீரை ஒரே மடக்கில் குடித்தார். கொதிக்கக் கொதிக்க ஊற்றியது. நாக்கு வெந்திருக்க வேண்டும். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

“இல்லை,” என்றார். “அவ இந்தக் கடைக்கு வந்ததே இல்லை.”

“வந்துச்சு சார். போன வருஷம், புத்தாண்டு முடிஞ்சு ரெண்டாவது செவ்வாக்கிழமை. நீங்க சிங்கப்பூர்ல ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தீங்க. என்கூட உக்கார்ற ரெண்டு கிழமும் அன்னிக்கு வரலை. இடம் காலியான்னு கேட்டு உக்காந்துச்சு. சட்டையில மாட்டியிருந்த உங்க பதிவு மைக்கைப் பாத்துச்சு. ‘மூணு வருஷமா எம்புருஷன் காதுல போட்டுக் கேட்டுக்கிட்டே இருக்கற ஆளு யாருன்னு பாக்க வந்தேன்’னு சொல்லுச்சு.”

“இல்லை,” என்றார் பேராசிரியர் மறுபடியும். வந்த வேலை, ஆராய்ச்சி முடிந்துவிட்டதால் மைக்குகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு போவது. வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். பிளாஸ்டிக் பொம்மைக்குச் சாவி கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது அவர் நடை.

*

மாக் சியூ-லாம் என்றால் காண்டனீஸ் மொழியைப் படித்த உலகம் முழுக்கத் தெரியும். நாம் எப்படிப் பேசுகிறோம் என்பதை நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர் அவர். வாக்கியத்தின் கடைசியில் நாம் ஒட்டிவிடும் சின்னச் சின்ன வால்களைப் பற்றி மட்டும் அறுநூறு பக்கத்தில் ஒரு புத்தகம் எழுதினார். ஒருவர் முடிக்கும் முன் அடுத்தவர் எப்படிப் புகுகிறார், கேட்கிறவர் எந்த இடத்தில் ‘ம்’ போடுகிறார், எத்தனை விநாடி மௌனம் வந்தால் நமக்குப் பொறுக்காமல் போகிறது என்பதையெல்லாம் பத்தில் ஒரு விநாடி வரை அளந்தவர். பதினோராயிரம் மணி நேரப் பேச்சு அவர் ஆராய்ச்சிக்கூடத்தில் அடுக்கி வைத்திருந்தது. மீன் விற்பவர்கள், வக்கீல்கள், குதிரைப் பந்தயக் கிறுக்கர்கள், கல்லறையைக் கூட்டிச் சுத்தம் செய்யப் போன இடத்தில் சொத்துக்காக அடித்துக்கொண்ட அண்ணன் தம்பிகள் என்று யாரும் பாக்கியில்லை. லோ உட்காரும் அந்தப் பதினான்காம் மேஜையில் நாலு வருஷமாகச் செவ்வாய்தோறும் எடுத்த பேச்சில் லோ அதிகபட்சமாக வாயை மூடியிருந்தது ஒன்று புள்ளி நாலு விநாடி. அதுவும் தும்மலுக்காக.

இவ்வளவு வைத்திருந்தவரிடம் மனைவியின் குரல் ஒரு விநாடிகூட இல்லை.

அதற்குக் காரணமும் அவரேதான். கல்யாணமான மறுநாள் இரண்டு பேரும் சியூங் சாவ் தீவுக்குத் தேனிலவு போனார்கள். மாப்பிள்ளை பெட்டியில் சட்டையை எடுத்து வைக்க மறந்து, டேப் ரெக்கார்டரை மறக்காமல் எடுத்து வைத்தார். நாலு நாளும் மீன்காரிகளோடு உட்கார்ந்து பதிவு செய்தார். பிக்-ஹா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடலே ஒரு கட்டத்தில் சங்கடப்பட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டதாகக் கேள்வி. ஊர் திரும்பிய முதல் மாதம் அவள் ஒரு நாள் வெடித்தாள். சமையலறை அதிரக் கத்தினாள். பேராசிரியர் அப்போது பேராசிரியர் ஆகவில்லை, பிஎச்.டி. மாணவர். அவள் கத்தி முடித்ததும் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, “இப்ப சொன்னதை இன்னொரு தரம் சொல்லு. இந்த மாதிரி வாக்கியம் கிடைக்கிறது ரொம்ப அபூர்வம்,” என்றார்.

அவள் சொல்லவில்லை. அதற்குப் பிறகு முப்பத்து மூன்று வருஷம் சொல்லவில்லை. சோறு ஆச்சு. மழை வருது. மகளுக்குக் காய்ச்சல். அவ்வளவுதான். தன்னை மட்டும் பதிவு செய்யக் கூடாது என்று கேட்டுக்கொண்டாள். அவரும் அந்த வாக்கைத் தவறாமல் காப்பாற்றினார். தேனிலவுக் கதையை மட்டும் ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில் வேடிக்கையாகச் சொல்வார். மாணவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அவள் இறந்தபோது அவர் அழவில்லை. சவச்சடங்கில் தாவோ பூசாரி மந்திரத்துக்கு நடுவே விட்ட இடைவெளிகளை எண்ணிக்கொண்டிருந்தார். இரண்டு புள்ளி ஒன்று. இரண்டு புள்ளி மூன்று. மூன்றாம் நாள் வேலைக்குப் போனார். ஒரு நாள் கார்க் கதவில் விரல் நசுங்கி நகம் கறுத்துப்போனதை மாலையில் கை கழுவும்போதுதான் பார்த்தார். வீட்டில் இரண்டு கிண்ணம் எடுத்து வைப்பார், ஒன்றை எடுத்து உள்ளே வைப்பார், துக்கமாக இருக்காது. பல் பிடுங்கும் முன்பு ஊசி போட்ட மாதிரி உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது.

டொரன்டோவில் இருக்கும் மகள் ஹோய்-யிங் போனில் கேட்டாள்.

“அப்பா, அம்மா குரல் ஏதாவது இருக்கா? எங்கிட்ட ஒரு வாய்ஸ் மெசேஜ்கூட இல்லை. அவங்க எப்பவும் படம்தான் அனுப்புவாங்க, பூ படம். ஒரு வார்த்தை போதும்பா. உங்ககிட்ட இல்லாமயா இருக்கும்?”

“பாக்கறேன்,” என்றார்.

“நூறாம் நாள் சடங்குக்கு வர்றேன். அதுக்குள்ள தேடி வைங்க.”

தேட ஒன்றும் இல்லை என்று அவருக்குத் தெரியும். ஆனால் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. நூறாம் நாளுக்கு ஒன்பது நாள் இருக்கும்போதுதான் லோ அந்தச் சவடாலை விட்டது.

*

மறுநாள் காலை ஆராய்ச்சிக்கூடத்தில் பேராசிரியர், உதவியாளர் ஹுயி மான்-கெய்யிடம் கேட்டார்.

“போன வருஷம், புத்தாண்டுக்கு அப்புறம் ரெண்டாவது செவ்வாய். பதினாலாம் மேஜை.”

மான்-கெய் எட்டு வருஷமாக அவரிடம் இருக்கிறாள். பிறர் பேச்சைக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்ததில் சொந்தப் பேச்சு மறந்து, வீட்டில்கூட இருமலுக்கு அடைப்புக்குறி போடுகிறாள் என்று அவள் கணவன் புலம்புவான். பதிவேட்டைத் திறந்து பார்த்தாள்.

“ஒன்பது நாப்பத்தெட்டுலேர்ந்து பத்தரை வரைக்கும் வெளியாள் சார். கையெழுத்துப் போடாத ஒரு அம்மா. அழிச்சாச்சு.”

“யார் அழிச்சது?”

அவள் தயங்கினாள். திரையை அவர் பக்கம் திருப்பினாள். ‘கையெழுத்திடாத பெண். பேச்சு முழுவதும் நீக்கப்பட்டது. முப்பதாம் நாள் மூலப் பதிவும் அழிக்கப்பட்டது. ஒப்புதல்: மாக் சியூ-லாம்.’ கீழே அவருடைய கையெழுத்து, வழக்கம்போல் வால் நீண்டு.

அது அவரே கொண்டுவந்த விதி. நம் தேநீர்க்கூடங்களில் இடமில்லாவிட்டால் முன்பின் தெரியாதவர் மேஜையில் போய் உட்காருவது வழக்கமல்லவா? அப்படி உட்காருகிறவர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடாவிட்டால் அவர் பேசியதில் ஒரு சொல்லும் வைத்துக்கொள்ளக் கூடாது. அழிக்கும் முன் யாரும் கேட்கவும் கூடாது. அந்நியர் பேச்சைத் திருடுவது ஆராய்ச்சி அல்ல என்பார். இந்த விதிக்காக அவருக்கு ஐரோப்பாவில் விருது கொடுத்தார்கள். விதியை மீறிய ஒரு மாணவனை அவர் முறைத்த முறைப்பில் அவன் மொழியியலை விட்டுவிட்டு மீன்பிடிக் கப்பலில் சேர்ந்தான் என்று ஒரு பேச்சு உண்டு.

“நீ கேட்டியா, மான்-கெய்?”

“பத்து விநாடி சார், அவ்வளவுதான். இடம் காலியான்னு கேட்டாங்க. தெரியாத குரல். உடனே நிறுத்திட்டேன். யார் சார் அவங்க?”

“தெரியலை,” என்றார். “கையெழுத்துப் போடாதவங்க.”

பிறகு, “லோவோட சட்டை மைக் இருக்குமே?” என்று கேட்டார்.

“இருக்கு சார். ஆனா அதுலயும் அந்தம்மா பேச்சு விழுந்த இடத்தையெல்லாம் கம்ப்யூட்டரே வெட்டிடுச்சு. மிச்சம் இருக்கறது லோ பெரியப்பா ‘ம்’ கொட்டினதுதான். பொத்தல் விழுந்த வலை மாதிரி இருக்கும். ஒண்ணும் புரியாது.”

பேராசிரியர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பழக்கம் விடவில்லை. வெள்ளைத் தாளை எடுத்து, மௌனத்தை விநாடிக் கணக்கில் எழுத ஆரம்பித்தார்.

பதினெட்டு விநாடி. “ம்.” நாற்பத்தொரு விநாடி. “ம். அப்புறம்?” ஒரு நிமிடம் ஆறு விநாடி. “தேனிலவுக்கா? டேப்பையா?” ஒன்பது விநாடி. “மீன்காரிகிட்டயா? அடப்பாவி!” இரண்டு நிமிடம். “பென்சிலா? ...பென்சிலா எடுத்தான்?” மூன்று நிமிடம் பன்னிரண்டு விநாடி. லோ தின்-சுங் மூன்று நிமிடம் பன்னிரண்டு விநாடி பேசாமல் இருந்திருக்கிறார். அறிவியல் இதற்கு முன் கண்டிராத சம்பவம். வேறு நாளாக இருந்தால் பேராசிரியர் நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்து துறைத் தலைவரைக் கூப்பிட்டிருப்பார். இன்று எழுதிக்கொண்டே போனார்.

முப்பத்தோராவது நிமிடத்தில் லோவின் குரல் தாழ்ந்து வந்தது. “அப்ப ஏன் தங்கச்சி, விட்டுட்டுப் போகலை?”

நாற்பத்தெட்டு விநாடி ஒன்றும் இல்லை. கடையின் இரைச்சல்கூட இல்லை. கத்தியால் நறுக்கி எடுத்த சுத்தமான வெறுமை. பிறகு லோ, “ம்,” என்றார். இன்னும் கொஞ்சம் வெறுமை. “அதுவும் சரிதான்.”

அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் வெட்டாத சத்தம் ஒன்று. தூரத்தில், மங்கலாக, ஒரு பெண் சிரித்தாள். நாலு விநாடி. முடிவில் மூக்கால் ஒரு இழுப்பு.

“மான்-கெய், இதை ஏன் வெட்டலை?”

“சிரிப்பு பேச்சு இல்லையே சார். சொல்லை மட்டும்தான் நீக்கணும், இருமல் சிரிப்பெல்லாம் விடலாம்னு விதியில நீங்கதானே எழுதியிருக்கீங்க?”

அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார். யாருடைய சிரிப்பு என்று தெரியவில்லை. நாலாயிரம் பேருடைய குரலுக்குக் கண்ணை மூடிக்கொண்டு பேர் சொல்லக்கூடியவர். இருமலை வைத்து ஊரைச் சொல்லுவார். இந்தச் சிரிப்பை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை. ஆகவே அது அவள் இல்லை. தேனிலவுக் கதை ஊருக்கே தெரிந்தது; வகுப்பில் கேட்ட எவனாவது ஒருவன் தன் அத்தையிடம் சொல்லி, அத்தை தேநீர்க்கூடத்தில் வந்து அளந்திருப்பாள். ஆதாரம் போதாது என்று தாளின் கீழே எழுதினார். அவள்தான் என்றால், அவள் வாயைத் திறந்த ஒரே நாளைக் கேட்காமலே அழித்துவிடு என்று கையெழுத்துப் போட்டவர் அவராகிவிடுவார். அந்தப் பக்கம் அவர் மனசு எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

*

அடுத்த ஒரு வாரத்தில் லோ அந்தக் கதையைத் தோ குவா வான் முழுக்கச் சொல்லி முடித்தார். முந்நூறு பேரும் ஒருவர் பின் ஒருவராக நம்ப ஆரம்பித்தார்கள். வாரக் கடைசியில் கியூ அக்காவே கட்சி மாறினாள்.

“எனக்கும் ஞாபகம் வந்துடுச்சு,” என்று வண்டிக்கு வண்டி சொல்லிக்கொண்டு போனாள். “அன்னிக்கு முள்ளங்கி கேக் வேணுமான்னு கேட்டேன். இந்தப் பெரிசு பேசாம கையை மட்டும் ஆட்டுச்சு. பக்கவாதம்தான் வந்துடுச்சுன்னு நெனச்சு ஆம்புலன்ஸுக்குப் போன் போடப் பாத்தேன்.”

கூடத்தின் எதிர்க்கோடியில் உட்கார்ந்திருந்தவர்களும் அன்று அந்த அம்மாளைப் பார்த்ததாகச் சொன்னார்கள். அன்று ஊரிலேயே இல்லாதவர்கள்தான் இன்னும் தெளிவாகப் பார்த்திருந்தார்கள். நம்பாத ஆள் ஒருத்தர்தான் பாக்கி.

நூறாம் நாளுக்கு முந்தின மத்தியானம் ஹோய்-யிங் வந்து இறங்கினாள். பெட்டியைக் கீழே வைக்கும் முன்பே கேட்டாள்.

“கிடைச்சுதாப்பா?”

“இல்லை,” என்றார். பிறகு, எதையும் மறைக்கக் கூடாது என்பதற்காக, “நாலு விநாடி ஒரு சிரிப்பு இருக்கு. யாருன்னு தெரியலை. அவ இல்லை,” என்றார்.

ஹோய்-யிங் கையை நீட்டினாள். கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு, சாப்பாட்டு மேஜையருகே நின்றபடியே கேட்டாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை; அந்த விஷயத்தில் அவள் அப்பா பெண்தான். மறுபடி போட்டாள். பதினோரு தரம் போட்டாள். பன்னிரண்டாவது தரம் உட்கார்ந்தாள். கண்ணீர் தாடை வரை வந்து மேஜையில் சொட்டியது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

“அம்மா,” என்றாள்.

“நல்லாக் கேளு. சத்தம் ரொம்பக் கம்மி. தப்பா இருக்கலாம்.”

“கடைசியில மூக்கால இழுக்கறாங்க பாருங்க. அது வேற யாருக்கு வரும்?”

“அவ இப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்லையே.”

“நீங்க வீட்ல இல்லாதப்ப இப்படித்தான்ப்பா சிரிப்பாங்க,” என்றாள் ஹோய்-யிங். குத்திக் காட்டவில்லை. மழை வருது என்பது போலச் சொன்னாள். “தினமும் சிரிப்போம். லிஃப்ட் சத்தம் கேட்டதும் நிறுத்திடுவாங்க. ‘உங்கப்பா வந்துட்டார், மாட்டிக்கப் போறோம்’பாங்க.”

பேராசிரியர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டைப் பையைத் தொட்டார். பென்சில் இருந்தது. கையை எடுத்துக்கொண்டார்.

“இதை நான் வெச்சுக்கறேன்,” என்றாள் மகள்.

“வெச்சுக்க.”

*

மறுநாள் காலை அஸ்தி மண்டபத்தில் ஊதுபத்தி கொளுத்தி, ஆரஞ்சு வைத்து, கறுப்புத் துணியைக் கழற்றி எரித்தார்கள். முடிந்ததும் மகள் பசிக்கிறது என்றாள். கால் போன போக்கில் போனார்கள். போய் நின்ற இடம் பதினான்காம் மேஜை.

லோ எழுந்து நின்றார். வழக்கமாக அவர் ஒருவருக்கு இடம் கொடுப்பதற்குள் அந்த ஆளின் குலம் கோத்திரம் வரை பேசி முடித்திருப்பார். இன்று நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுச் சும்மா நின்றார். கியூ அக்கா கேட்காமலே நாலு கூடைகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, வண்டியைத் தள்ளாமல் அங்கேயே நின்றாள். பக்கத்து மேஜைகளில் சாப்பிடும் குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் வைத்துவிட்டார்கள்.

ஹோய்-யிங் எல்லோருக்கும் தேநீர் ஊற்றினாள். பேராசிரியர் கிண்ணத்தைத் தொடவில்லை.

“லோ அண்ணே,” என்றார். “முப்பத்தோராவது நிமிஷத்துல நீங்க ஒண்ணு கேட்டீங்க. ‘ஏன் விட்டுட்டுப் போகலை’ன்னு.”

“கேட்டேன்.”

“அதுக்கு அவ சொன்னது நாப்பத்தெட்டு விநாடி. அது எங்கிட்ட இல்லை.”

லோவுக்கு இப்படி ஒரு வாய்ப்பு ஜென்மத்தில் கிடைத்திருக்காது. நாற்பத்தெட்டு விநாடியை நாற்பத்தெட்டு நாளாக இழுத்து, நடுவில் புயலும் கப்பல் விபத்தும் சேர்த்துச் சொல்லக்கூடியவர். எதிரே கேட்பதற்கு முந்நூறு பேர். அவர் இரண்டு கையையும் மேஜை மேல் வைத்தார்.

“‘அவர் கேக்கறப்ப மூஞ்சி நல்லா இருக்கும்’னுச்சு. ‘யாராவது பேசினா அப்படியே பூ மாதிரி விரியும். ஒரு நாள் அது என் பக்கம் திரும்பாதான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். பாத்துப் பாத்தே வருஷம் போயிடுச்சு’ன்னு சொல்லுச்சு. அவ்வளவுதான் சார்.”

“அது பத்துப் பதினோரு விநாடிதான் வரும்.”

“மீதிக்கு டீ குடிச்சுது.”

பேராசிரியர் தலையாட்டினார். மகள் அவர் முகத்தைப் பார்த்தாள். அது பூ மாதிரியெல்லாம் இல்லை. அடித்துத் துவைத்துக் காயப்போட்ட துணி மாதிரி இருந்தது. ஆனால் ஒன்று. அது லோவின் பக்கமும் இல்லை, ஜன்னல் பக்கமும் இல்லை. மேஜையில் காலியாக இருந்த நாலாவது நாற்காலியின் பக்கம் திரும்பியிருந்தது.

“அந்த நாற்காலியா?”

“ஆமா சார்.”

கியூ அக்காவுக்குத்தான் முதலில் பொறுக்காமல் போயிற்று.

“சார், கடையில எல்லாரும் நம்பியாச்சு. நீங்க ஒருத்தர்தான் இல்லை இல்லைன்னு நிக்கறீங்க. நீங்களே சொல்லுங்க. இந்தப் பெரிசு நாப்பது நிமிஷம் வாயை மூடிக்கிட்டு இருந்துச்சா?”

“நாப்பது இல்லை,” என்றார் பேராசிரியர். “நாப்பத்திரண்டு நிமிஷம், பதினேழு விநாடி.”

லோ தின்-சுங் ஆடிப்போனார். எழுபத்து நாலு வயதில், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, நடந்ததைவிடக் குறைத்துச் சொல்லியிருக்கிறார். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

“அந்தக் கணக்கெல்லாம் கிடக்கட்டும்,” என்றாள் கியூ அக்கா. “அந்தம்மா வந்தாங்களா, பேசினாங்களா? நடந்துச்சா, நடக்கலையா?”

ஹோய்-யிங் அப்பாவின் முழங்கையைத் தொட்டாள். அவர் நாற்காலியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நடந்துச்சு,” என்றார். “பேசினது அவதான். அழிச்சது நான்.”